உட்கார்ந்தபடி மாடி ஏறியவன்

என் தொழில் லிஃப்ட் ரிப்பேர். ஜனங்களைப் படி ஏறவிடாமல் காப்பாற்றுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, "மூணு மாசத்துல அஞ்சு மாடி நிக்காம ஏறிக் காட்டணும்" என்று கம்பெனி டாக்டர் சொன்னார். முடிவெட்டுகிறவனைப் பார்த்துச் சடை வளர்க்கச் சொன்னது போல இருந்தது எனக்கு.

டாக்டர் மேல் தப்பில்லை. போன வருஷம் ஒரு லிஃப்ட் குழியில் கேபினுக்கும் சுவருக்கும் நடுவே என் வயிறு மாட்டிக்கொண்டது. மற்றவர்களை வெளியே எடுக்கப் போனவனை வெளியே எடுக்க இன்னொரு மெக்கானிக் வரவேண்டியதாயிற்று. அவன் அதைச் சொல்லாத இடமில்லை. விஷயம் டாக்டர் காதுவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏறிக் காட்டாவிட்டால் நாற்காலி. எங்கள் அலுவலகத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அங்கே ஒரு நாற்காலி, ஒரு போன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் கூப்பிடுவார்கள். அங்கே இருக்கிறவர், "கவலைப்படாதீங்க, ஆள் வருது" என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதான் வேலை. ஒரு காலத்தில் அவரும் நல்ல மெக்கானிக். இடுப்பு போனதும் அங்கே உட்கார வைத்தார்கள். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆள் வருது'. எதிரே பார்த்தால்கூட அவருடைய சொந்தப் பெயர் நினைவுக்கு வராது.

அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். எனக்குப் பிடித்த இடம் கேபினின் கூரை. கிரீஸ் வாசனை, இருட்டு, காதருகில் ஓடும் இரும்புக் கயிறுகள். அங்கே நான் நிற்கும்போது மேலதிகாரி வரமாட்டார், கடன் கேட்கிறவன் வரமாட்டான், யாரும் அறிவுரை சொல்ல மாட்டார்கள். இந்த வேலை போய்விட்டால் நான் யாரென்று எனக்கே தெரியாது.

வீட்டுக்குப் போனதும் சபதம் போட்டேன். "நாளையிலேருந்து படிதான். பாத்துக்கிட்டே இருங்க!" மனைவி பார்த்தாள். மகள் பார்த்தாள். மனைவியின் தம்பி கைதட்டினான். அவன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர்களுக்கு மெத்தையில் படுத்துக் காட்டுவதே வேலை என்பதால், அவனுக்கும் என்னைப் போலவே வயிறு, கூடவே சர்க்கரையும். சொல்லி முடித்ததும் எனக்கு ஐந்து மாடி ஏறி இறங்கிய மாதிரி ஒரு நிம்மதி. அன்றைக்கு இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

"அதான்பா பிரச்சனை" என்றாள் மகள். அவள் கல்லூரியில் சமூக உளவியல் படிக்கிறாள். "செய்யப் போறேன்னு நாலு பேர்கிட்ட சொன்னதுமே, செஞ்சு முடிச்ச திருப்தி பாதி வந்துடும். அப்புறம் எதுக்கு செய்யணும்னு மனசு படுத்துக்கும்."

"என் மனசா? அது எழுந்ததே இல்லையே" என்றேன்.

மைத்துனன் விடவில்லை. எல்லோருடைய போனிலும் 'ஏணி' என்றொரு செயலியை ஏற்றினான். அதில் குடும்பமாகச் சேர்ந்துகொள்ளலாம். திரையில் ஓர் ஏணி, ஒவ்வொரு படியிலும் ஒருவர் முகம். மாடி ஏற ஏற முகம் மேலே போகும். ஏறாதவன் முகம் கீழே கிடக்கும். எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம், அதுதான் விசேஷம். மகளுக்குக் கொண்டாட்டம். மனிதர்கள் இப்படிப்பட்ட செயலிகளில் ஏன் விழுந்து விழுந்து ஏறுகிறார்கள் என்பதுதான் அந்த வருஷம் அவள் எழுத வேண்டிய ஆய்வு. வீட்டுக்குள்ளேயே சோதனை எலிகள் கிடைத்துவிட்டன.

முதல் சில நாட்கள் நான் நிஜமாகவே ஏறினேன். இரண்டாவது மாடியில் முழங்கால் பேசும், மூன்றாவதில் இதயம் பேசும், அதற்கு மேல் என்ன பேசினாலும் என் காதில் விழாது. சாயங்காலம் ஏணியைப் பார்த்தால் மைத்துனன் உச்சியில், நடுவில் மகள், அடியில் நான். எனக்கும் கீழே மனைவி. அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறவள். ஆனால் அவள் போன் கைப்பையில் இருக்கும், கைப்பை ஆணியில் தொங்கும். ஆணி மாடி ஏறுமா? தன் முகம் எந்தப் படியில் கிடக்கிறது என்று அவள் பார்த்ததாகவே தெரியவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஏணியில் என் முகத்துக்கு மைத்துனன் எடுத்துப் போட்ட படத்தில் வாய் வேறு திறந்திருந்தது. அடிப்படியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். போதாததற்கு அவனிடமிருந்து தினம் ஒரு செய்தி வரும்: "மாமா, கீழ காத்து நல்லா வருதா?"

என் சரக்கு அறை ஒரு பழைய எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. தினமும் அங்கே போய்த்தான் மற்ற இடங்களுக்குக் கிளம்புவேன். ஒரு நாள் அந்தக் கட்டடத்து லிஃப்டின் கூரையில் நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துக் கதவு மோட்டார் பக்கத்தில் வைத்தேன். அப்படியே மறந்துவிட்டேன். அலுவலகம் கொடுத்த பட்டன் போன் தனியாக இருப்பதால் நாள் முழுக்க அதைத் தேடவுமில்லை. சாயங்காலம் ஞாபகம் வந்து எடுத்தால், திரை முழுக்க நட்சத்திரம் வெடிக்கிறது. "வாழ்த்துகள்! நீங்கள்தான் முதலிடம்!"

காரணம் புரிய எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. அந்த லிஃப்ட் குலுங்கும். கேபினின் இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இரும்புக் கம்பிகள் நிற்கும். அவற்றைக் கவ்விக்கொண்டு ஓடும் பகுதிக்கு 'ஷூ' என்று பெயர். அதற்குள் இருக்கும் நைலான் பட்டை தேய்ந்துபோயிருந்தது. குலுக்கலை நடையென்றும் உயரத்தை மாடியென்றும் செயலி கணக்குப் போட்டுவிட்டது. எட்டு மாடிக் கட்டடத்தின் அத்தனை ஜனமும் அன்றைக்கு எனக்காக ஏறி இறங்கியிருந்தார்கள்.

வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றுதான் வேகவேகமாக வந்தேன். வாசலிலேயே மனைவி நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க, நிஜமாவா?" என்றாள். அப்படி மலர்ந்த முகத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "எனக்குத் தெரியும், மனசு வெச்சா நீங்க செய்வீங்கன்னு." திறந்த வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் காலை போனைக் கூரையில் வைத்தது மறதியால் அல்ல.

அதன் பிறகு என் ராஜ்ஜியம்தான். காலையில் போனைக் கேபின் கூரையில் ஏற்றிவிட்டு, சரக்கு அறையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பேன். மாடி ஏறி இளைப்பதற்குப் பதிலாக எனக்கு மேலும் சதை போட்டது. "எப்படி மாமா?" என்று மைத்துனன் கேட்டால், "எல்லாம் மூச்சுலதான் இருக்கு மாப்ள" என்று ஞானி மாதிரி சொல்வேன். பயல் ரோஷக்காரன். கடை, வீடு என்று எங்கே படியைப் பார்த்தாலும் ஏறத் தொடங்கினான். அவன் இடுப்பு குறைய, என் கௌரவம் கூடியது.

இதற்கிடையில் கட்டடத்திலிருந்து புகார் வந்தது. ஆறாவது மாடியில் பல் ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "இங்க வர்றவங்க ஏற்கெனவே நடுங்கிட்டுத்தான் வராங்க. உங்க லிஃப்ட் வேற எதுக்கு உலுக்குது?"

"பார்ட் வரணும்மா" என்றேன்.

பார்ட் என் பையிலேயே இருந்தது. மாற்ற ஒரு மத்தியானம் போதும். மாற்றினால் லிஃப்ட் வெண்ணெயில் வழுக்குவது போல ஓடும். ஆனால் குலுக்கல் போனால் என் முதலிடமும் போகும். இத்தனை வருஷ வேலையில் குலுங்குகிற லிஃப்டை நான் விட்டுவைத்ததே இல்லை. இப்போது மனைவியின் பாராட்டுக்காகவும் மைத்துனனின் வயிற்றெரிச்சலுக்காகவும் புதுப் பட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பார்ட் வரவில்லை என்று சொல்லித் திரிந்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் தன் ஆய்வைப் பற்றிப் பேசினாள். "கயிறு இழுக்கிற போட்டியில, ஆள் கூடக் கூட ஒவ்வொருத்தரும் இழுக்கிற பலம் குறையுமாம்பா. மத்தவன் இழுப்பான்னு விட்டுடுவாங்க." கயிற்றைப் பற்றி எனக்கே பாடமா என்று முறைத்தேன். அவள் நிறுத்தவில்லை. "இன்னொண்ணு கேளுங்க. ஆசையா படம் வரையிற குழந்தைங்களுக்குப் பரிசு தரேன்னு சொல்லி வரைய வெச்சாங்களாம். பரிசை நிறுத்தினதும் அதுங்க முன்ன மாதிரி வரையவே இல்லயாம். வெளிய இருந்து வந்த ஆசை, உள்ள இருந்த ஆசையைத் தின்னுடுது."

"எங்க காப்பகத்துலயும் அப்படித்தான்" என்றாள் மனைவி. "சாப்பிட்டா கையில நட்சத்திரம் ஒட்டினோம். நட்சத்திரம் தீர்ந்த அன்னிக்கு ஒண்ணும் வாயைத் திறக்கல."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அதனாலதான் அப்பா எனக்கு முக்கியமான ஆள். நம்ம வீட்டுல நிஜமா மாறினது அவர் ஒருத்தர்தான். அப்பா, ஏணியில யாருமே பாக்கலைன்னாலும் நீங்க ஏறுவீங்கதானே?"

புரை ஏறியது. அன்றைக்கு என்னிடம் ஏறியது அது ஒன்றுதான்.

டாக்டர் கொடுத்த தவணை முடிய இன்னும் ஒரு மாசமே இருந்தது. ஏணியின் உச்சியில் இருக்கிறவனுக்குத் தேர்வு ஒரு பொருட்டா என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கட்டத்தில் நானே அப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டேன், அதுதான் வேடிக்கை. பொய்யைத் தினமும் நட்சத்திரத்தோடு பார்த்தால் சொன்னவனுக்கே நம்பிக்கை வந்துவிடுகிறது.

அன்று சரக்கு அறையில் இரண்டாவது தேநீரில் இருந்தேன். காவலாளி ஓடி வந்தார். "அண்ணே, லிஃப்ட் நின்னுடுச்சு. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல. உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க."

என்ன ஆகியிருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. கேபின் ஆடியிருக்கும், ஆட்டத்தில் கதவுப் பூட்டு உரசியிருக்கும், கதவு திறந்துவிட்டதென்று நினைத்து மெஷின் நின்றிருக்கும். நான் விட்டுவைத்த குலுக்கல் செய்த வேலை. கேபினை நகர்த்த வேண்டுமென்றால் மொட்டை மாடியிலிருக்கும் மெஷின் அறைக்குப் போக வேண்டும். போவதற்கு இருந்தது படி மட்டும்தான்.

ஏறினேன். இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்தேன். மூன்றாவதில் கைப்பிடி என்னைப் பிடித்துக்கொண்டது. நான்காவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அப்போதுதான் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. கொக்கரக்கோ.

கட்டடத்தில் யாரும் கோழி வளர்க்கவில்லை. அது என் போன். என் மனைவி கூப்பிட்டால் மட்டும் சேவல் கூவும். மகள் வைத்துக்கொடுத்தது.

வேலை நேரத்தில் அவள் போன் ஆணியை விட்டு இறங்காது; இந்த நேரத்தில் கூப்பிடுகிறாள் என்றால், உள்ளே மாட்டியிருக்கும் அம்மா யாரென்று அப்போதுதான் புரிந்தது. எழுந்தேன். மீதி இரண்டு மாடியையும் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். மேலே உள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு அங்க? யாரோ மூச்சு வாங்குற சத்தம் கேக்குது."

என் வாயிலிருந்து தானாக வந்தது: "கவலை... படாதீங்க... ஆள்... வருது."

"எந்த ஆளு? நீங்களா?"

"ம்."

"உங்க போன் என் தலைக்கு மேல கூவுதுங்க."

"ம்."

"நீங்க கீழ நிக்கிறீங்க."

"ம்."

"முதல்ல என்னை வெளிய எடுங்க" என்றாள்.

மெஷின் அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கேபினை ஏழாவது மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இறங்கி வந்து கதவைத் திறந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"குலுங்குச்சு" என்றாள். "டக்குன்னு நின்னுச்சு. கயிறு அறுந்துடும்னு நெனச்சேன். உங்களைக் கூப்பிட்டா மேல கோழி கூவுது. எனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சுன்னு நெனச்சேன்."

"நீ எதுக்கு இங்க..."

"அரை நாள் லீவு. நீங்க மாடி ஏறி வர்றதை ஒரு தடவை பாக்கணும்னு தோணுச்சு. கடைசி மாடியில நின்னா நீங்க வரும்போது பாத்துடலாம். வந்ததும் தண்ணி குடுக்கலாம்னு." பாட்டிலை நீட்டினாள். "இந்தாங்க. நிஜமாவே ஏறித்தானே வந்திருக்கீங்க."

வாங்கிக் குடித்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாடியிலிருந்து கேபின் கூரையில் இறங்கிப் போனை எடுத்து வந்தேன். அவள் படியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "கூரை ஏறிக் கோழி பிடிச்சாச்சு. வைகுண்டம் எப்போ?" என்றாள்.

போன் திரையில் ஏணியிடமிருந்து செய்தி வந்திருந்தது: "இன்று உங்கள் ஏற்றம் குறைவு. உங்கள் மைத்துனர் முந்திவிட்டார். மனம் தளராதீர்கள்!" வாழ்க்கையில் நான் உண்மையாக எட்டு மாடி ஏறிய ஒரே நாள் அது.

அன்று மத்தியானமே பட்டையை மாற்றினேன். லிஃப்ட் பூனை நடப்பது போல ஓடியது. ஏணியில் என் முகம் மறுபடியும் அடியில், வாயைப் பிளந்துகொண்டு.

இனி மைத்துனன் தலைகால் தெரியாமல் ஆடுவான் என்று நினைத்தேன். நடந்தது வேறு. முதலிடம் கிடைத்ததும் அவன் ஏறுவதையே நிறுத்திவிட்டான். கொஞ்ச நாள் கழித்துப் போனில் கூப்பிட்டான். "என்ன மாமா ஆச்சு? ஏன் ஏறல? நீங்க ஏறாம எனக்குக் காலே வரல. சக்கரை மறுபடியும் ஏறுது."

எத்தனை நாளைக்கு மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, குலுக்கல், தேநீர் எல்லாம்.

"அப்ப இவ்வளவு நாள் நான் ஒரு லிஃப்ட்கூடவா போட்டி போட்டேன்?"

"ஆமா மாப்ள."

"சில நாள் ஜெயிச்சேனே மாமா."

"ஜெயிச்சே."

"லிஃப்டையே ஜெயிச்சிருக்கேன்!" என்று கத்தினான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இப்போது இதைத்தான் சொல்கிறானாம். எடுத்த பெயரைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டான்.

மகள்தான் உடைந்துபோனாள். அவளுடைய ஆய்வில் நான்தான் நாயகன். மறுநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு ஏறணும்னு ஆசையே இல்லப்பா. ஏறினவர்னு பேர் வேணும். அவ்வளவுதான்."

"அப்படியே எழுது" என்றேன். எழுதினாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

மனைவியோ லிஃப்ட் நின்ற மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "போனை வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்றாள். காப்பகம் திறப்பதற்கு முன்னால் தினமும் என்னோடு அந்தக் கட்டடத்துக்கு வந்தாள். எனக்கு ஒரு மாடி முன்னால் ஏறிப் போவாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். நான் நின்றால் என் மூச்சுச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு அவளும் நிற்பாள். நான் கிளம்பினால் கிளம்புவாள். நட்சத்திரம் ஏதும் வெடிக்கவில்லை. நாளாக ஆக, நான் நிற்பது குறைந்தது. அவளிடம் இரண்டு வார்த்தை பேசியபடியே மூன்றாவது மாடியைத் தாண்டிய அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாதி கரைந்துவிடும் என்று பயம்.

தேர்வு எங்கள் அலுவலகக் கட்டடத்தில் நடந்தது. டாக்டரின் உதவியாளர் பின்னால் வர, ஏறினேன். நான்காவது மாடியில் கால் நின்றுவிடப் பார்த்தது. மேலே எங்கேயோ செருப்புச் சத்தம் கேட்டது, தெரிந்த சத்தம். கால் கிளம்பிவிட்டது. ஐந்தாவது மாடியில் தண்ணீர் பாட்டிலோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் வருவதை முழுசாகப் பார்த்தாள்.

டாக்டர் என் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, குழிக்குப் போகலாம். வயித்தைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். நாற்காலி இந்த வருஷம் எனக்கில்லை. நடைவழியில் 'ஆள் வருது' என்னைப் பார்த்துக் கையசைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

ஜெயித்துவிட்ட களிப்பில் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். "வா, இறங்கும்போதாவது சுகமா போலாம்."

அவள் நகரவில்லை. "இந்த லிஃப்டை யாரு பாத்துக்கிறாங்க?"

"நான்தான்" என்றேன் பெருமையாக.

"அப்ப படியிலயே போலாம்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினாள்.